சிரித்தால் திறக்கும் கதவு

ஜனவரி 12

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் சுகம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாமாவுக்கு இருமல் விட்டதா?

நீங்கள் அனுப்பிய தொடர்கதை அத்தியாயம் வந்து சேர்ந்தது. உங்கள் கையெழுத்து வரவர மருந்துச் சீட்டு மாதிரி ஆகிறது. ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவள் டைப் அடிப்பதால் தப்பித்தீர்கள். வெள்ளிக்கிழமை மாலை இணையதளத்தில் ஏற்றினேன். காபி ஆறுவதற்குள் கமெண்ட் குவிந்துவிட்டது. வழக்கம்போல முதலில் ஓடி வந்தது நம் முந்திரிக்கொட்டை அக்காதான். "அப்பாடா, இஷ்டமில்லாத கல்யாணம் முடிஞ்சுது. இனிமே ஹீரோ சும்மா இருப்பானா?" என்று கேட்டிருக்கிறார். மொத்த ஜனமும் அந்த முதலிரவு அத்தியாயத்துக்காகத் தவம் கிடக்கிறது. கமெண்ட்களை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் இணையம் பக்கமே வரமாட்டேன் என்று அடம்பிடிப்பதால் எனக்கு இந்த வேலையும் சேர்ந்துகொண்டது.

எனக்கு நிச்சயம் முடிந்தது. நீங்கள் வராதது அப்பாவுக்குக் குறைதான். மாப்பிள்ளை லிஃப்ட் கம்பெனியில் இன்ஜினியர். அம்மா அதற்குள் 'லிஃப்ட் மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டாள். பார்க்க லட்சணமாக இருக்கிறார், பேச்சும் மரியாதையாகத்தான் இருக்கிறது. நீங்கள் என் அத்தை என்று தெரிந்ததும் உங்கள் நாவல்கள் அத்தனையையும் வாங்கிப் படிக்க ஆரம்பித்துவிட்டாராம். "பொண்ணுங்களுக்கு என்ன பிடிக்கும்னு தெரிஞ்சுக்கலாமே அத்தை" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லாரையும் எல்லாம் கேட்டார்கள். என்னிடம் துணியின் நிறம் கேட்டார்கள்.

ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த அத்தியாயத்தில் ஹீரோவைக் கொஞ்சம் அறைக்கு வெளியே நிறுத்தி வைக்க முடியுமா? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊசி


ஜனவரி 21

என் ஊசிப் பெண்ணுக்கு,

அத்தையின் ஆசிகள். முட்டி அதன் இஷ்டத்துக்கு வலிக்கிறது, நான் என் இஷ்டத்துக்கு நடக்கிறேன். மாமா நலம்.

என் நாவலைப் படிக்கிற ஆண்பிள்ளையை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். உன் மாமா ஒரு பக்கம்கூடப் புரட்டியது கிடையாது. நீ கொடுத்து வைத்தவள். பெண் மனசைத் தெரிந்துகொள்ள ஒருவன் புத்தகம் வாங்குகிறான் என்றால் அவனைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டாமா? பொறாமையாகக்கூட இருக்கிறது எனக்கு.

அடுத்த அத்தியாயத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஹீரோவை வெளியே நிறுத்தச் சொல்கிறாய். நிறுத்தினால் கதை அங்கேயே படுத்துவிடும் கண்ணு. அவள் வாய் 'வேண்டாம்' என்று சொல்லும், மனசு வேறு சொல்லும். அந்த இடைவெளியில்தான் இத்தனை வருஷமாக என் பிழைப்பு ஓடுகிறது. வாசகிகளும் அதற்குத்தான் வருகிறார்கள். அவன் கதவைச் சாத்த வேண்டும், இவள் சுவரோடு ஒட்ட வேண்டும், மறுநாள் காலையில் இவள் கண்ணாடி பார்த்துச் சிரிக்க வேண்டும். இதில் கை வைத்தால் அடிக்க வந்துவிடுவார்கள்.

கல்யாண வேலையில் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. உன் அப்பாவுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று நீயே பார்த்து எழுது.

அத்தை


பிப்ரவரி 9

அன்புள்ள அத்தைக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னியுங்கள். லேபில் ஆள் குறைவு.

அத்தியாயத்தை ஏற்றிவிட்டேன். இந்த முறை கமெண்ட்களை அச்செடுக்கவில்லை, பிரிண்டர் சரியில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது. அவருக்குச் சொல்லியாயிற்று, கேட்டால்தானே.

அத்தை, மாமா உங்களைப் பெண் பார்க்க வந்தபோது உங்களிடம் யாராவது இஷ்டமா என்று கேட்டார்களா? கதைக்காக இல்லை. எனக்காகத்தான் கேட்கிறேன்.

ஊசி


பிப்ரவரி 16

ஊசிக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன், இவ்வளவு தைரியம் வந்திருக்கிறதே.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா நேற்று தன் போனில் என் அத்தியாயத்தை எனக்கே படித்துக் காட்டினாள். நான் எழுதாத அத்தியாயத்தை. ஹீரோ 'உனக்குச் சம்மதமா?' என்று கேட்கிறானாம். அவள் 'இல்லை' என்கிறாளாம். அவன் 'சரி' என்று சொல்லித் தலையணையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறானாம். தையல்காரம்மா "என்னக்கா, ஹீரோவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நான் கண் வலிக்க எழுதியதில் கை வைக்க உனக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? ஒரு கமா போட வேண்டும் என்றால்கூட எழுதிக் கேட்பவள்தானே நீ. பிரிண்டர் சரியில்லையாம். கெட்டுப் போனது பிரிண்டர் இல்லை. என்ன ஆயிற்று உனக்கு? உடனே எழுது. பழைய அத்தியாயத்தைத் திரும்பவும் போடு.

நீ கேட்ட மற்ற விஷயத்துக்கு இப்போது நேரமில்லை.

அத்தை


பிப்ரவரி 23

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் திட்டியது சரி. உங்களைக் கேட்காமல் மாற்றியது தப்பு. ஆனால் பழையதைப் போட மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன மாத முடிவில் அவர் வேலை முடிகிற நேரத்துக்கு லேபுக்கு வந்தார். எங்கள் கட்டடத்து லிஃப்ட் அவர்கள் கம்பெனி போட்டது. அதைப் பழுது பார்க்கிற சாவி அவரிடம் இருக்கிறது. கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாம் கேலி செய்து வழியனுப்பினார்கள். ஆறாவது மாடியில் லிஃப்ட்டில் ஏறினோம். நாலாவது தாண்டியதும் அவர் சாவியைப் போட்டு லிஃப்ட்டை நிறுத்திவிட்டார்.

ஏதோ பழுது என்று முதலில் நினைத்தேன். அவர் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கதவைத் திறங்க" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, அதேதான் சொல்றே" என்றார். அப்போதுதான் புரிந்தது. உங்கள் மூன்றாவது நாவலில் வருகிற லிஃப்ட் காட்சி, வாசகிகள் இன்னும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிற காட்சி. அந்தக் காட்சியை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அவர் அதை அப்படியே செய்துகொண்டிருந்தார்.

"எனக்குப் பயமா இருக்கு, திறங்க" என்றேன். "அதுவும் புக்ல இருக்கு" என்றார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நிஜமாத்தான் சொல்றேன்" என்றேன். "அதுக்கடுத்த வரி அதுதானே" என்று சிரித்தார். நான் எதைச் சொன்னாலும் அது புத்தகத்தில் இருந்தது அத்தை. எனக்கென்று ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை. கடைசியில் அவர், "சிரி, திறக்கிறேன்" என்றார்.

சிரித்தேன். திறந்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அவரே சொன்னார். "முதல்ல பயந்தா, அப்புறம் சிரிச்சிட்டா." அம்மாவும் சிரித்தாள். என் மணிக்கட்டில் விரல் தடம் இருந்தது. நாள் முழுக்க அடுத்தவர் கையைப் பிடித்து நரம்பு தேடுகிறவள் நான். குத்தட்டுமா என்று கேட்காமல் யாரையும் குத்தியதில்லை. அழுகிற குழந்தையிடமும் கேட்கிறேன்.

எனக்கும் அந்தக் காட்சி பிடித்துத்தான் இருந்தது. எழுத்தில் பிடித்திருந்தது. ஏனென்றால் அவள் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று நீங்கள் எழுதிவிடுகிறீர்கள், அதனால் பயமில்லை. லிஃப்ட்டுக்குள் என் மனசை எழுத யாரும் இல்லை. அதையும் அவரே எழுதிக்கொண்டார்.

இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம். மே மாதத்தில் தேதி குறித்திருக்கிறார்கள். நீங்கள் எழுதினால் அப்பா கேட்பார். என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

ஊசி


மார்ச் 14

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? மூன்று வாரமாகத் தபால்காரரைக் கண்டால் எழுந்து நிற்கிறேன். கடிதம் கிடைக்கவில்லையா, கிடைத்தும் எழுத மனமில்லையா? மாமாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?

நானே அப்பாவிடம் பேசினேன். அவர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கும்வரை சிவப்புப் பேனாவை மூடவில்லை. "ஆசையா விளையாடினதை இப்படி எடுத்துக்கிட்டா எப்படிம்மா? உனக்கு வெட்கம், அவ்வளவுதான்" என்றார். "வெட்கம் இல்லப்பா, எனக்கு அவர் வேண்டாம்" என்றேன். "சரி சரி, போய்ப் படு" என்றார். கணக்கு வாத்தியார் ஒரு விடையை ஒரு தடவை தப்பு என்று போட்டுவிட்டால் பிறகு பார்க்கவே மாட்டார்.

பிரிண்டரில் ஒன்றும் கோளாறு இல்லை, கமெண்ட்களை இப்போது அனுப்புகிறேன். நான் மாற்றிய அத்தியாயத்துக்கு வந்தவை. ஒருத்தி, "கேட்டுட்டுத் தொடுறவன் ஹீரோ இல்லம்மா, பேங்க் கிளார்க்" என்று எழுதியிருக்கிறாள். நானே சிரித்துவிட்டேன். "பெரியவங்க பார்த்து வெச்ச கல்யாணம்னாலே சம்மதம்தானே, தனியா என்ன கேள்வி?" என்று ஒருத்தி. அதற்குப் பதிலாக, "என்னை யாரும் கேட்டதில்லை, கதையிலயாவது ஒருத்தன் கேட்டானே, அழுதுட்டேன்" என்று இன்னொருத்தி. அங்கே ஒரே ரணகளம்.

நம் முந்திரிக்கொட்டை அக்கா மட்டும் நாலு நாள் கழித்து வந்தார். அதை அப்படியே எழுதுகிறேன். "எனக்கும் இஷ்டமில்லாமத்தான் முடிச்சாங்க. இந்த மாதிரி கதையில கட்டாயம் காதலா முடியறப்போ, எனக்கும் அப்படித்தான் முடிஞ்சுதுன்னு நினைச்சுக்குவேன். அந்த ஒண்ணையும் பிடுங்கிக்காதீங்க."

இதற்கு என்ன பதில் போடுவது என்று தெரியவில்லை அத்தை. அவரை நினைத்தாலும் பாவமாக இருக்கிறது.

தயவுசெய்து எழுதுங்கள்.

ஊசி


மார்ச் 22

கண்ணு,

நாங்கள் நலம். மாமாவும் நலம். கொஞ்சம் வேலையாக இருந்துவிட்டேன்.

பதறாதே. அவன் கெட்டவன் இல்லை. குடி கிடையாது, கை நீட்டுகிறவனாகவும் தெரியவில்லை. ஆசையைக் காட்டத் தெரியாமல் காட்டியிருக்கிறான். புத்தகம் படித்து வந்த கோளாறு என்றால் அந்தப் பழி எனக்குத்தான். உன் மாமாவும் ஆரம்பத்தில் ஒரு மாதிரிதான். பிறகு பழகிவிட்டது. எல்லாருக்கும் பழகிவிடும்.

இந்த வாரம் அத்தியாயம் எழுதவில்லை. பேனா ஓட மாட்டேன் என்கிறது. வாசகிகளிடம் எனக்குக் காய்ச்சல் என்று சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அத்தை


மார்ச் 30

அத்தைக்கு,

உங்களுக்குக் காய்ச்சல் என்று போட்டுவிட்டேன். நிறையப் பேர் விசாரித்தார்கள்.

உங்கள் கடிதத்தில் நாலு வரியை மை பரவும்படி அடித்திருக்கிறீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், படிக்க முடியவில்லை. படிக்க முடிந்த இடத்தில் 'பழகிவிட்டது' என்று இருந்தது. 'பிடித்துவிட்டது' என்று இல்லை. உங்கள் கதைகளில் எல்லாருக்கும் பிடித்துவிடுகிறது.

அவர் இப்போது தினமும் எங்கள் கட்டட வாசலில் நிற்கிறார். நான் ஆறு மாடியும் படியில் இறங்குகிறேன். நேற்று கீழே வந்து சேர்ந்தபோது அவர் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார். "எத்தனை நாளைக்குப் படியில ஓடுவே?" என்று கேட்டார். கோபமே இல்லை. கொஞ்சலாகத்தான் கேட்டார். வாசலில் இருந்த காவலாளி அதைக் கேட்டுச் சிரித்தார்.

அழைப்பிதழ் வைத்திருக்கிறேன். அம்மா வைக்கச் சொன்னாள். இனி உங்கள் அத்தியாயங்களை என்னால் டைப் அடிக்க முடியாது. வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மேல் கோபம் இல்லை. நான் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டேன், அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. பதில் இதுதான் என்று நானாக எடுத்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. என் விஷயத்தில் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊசி


ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். அண்ணி சௌக்கியமா? உங்களுக்குச் சர்க்கரை ஏறியிருப்பதாக உங்கள் மகள் எழுதினாள். பரீட்சைத் தாளை மடியில் வைத்துக்கொண்டு சாப்பாட்டை மறக்காதீர்கள். இங்கே அவரும் நானும் நலம்.

நான் உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறது. எழுத என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். இப்போது இருக்கிறது.

இவரை எனக்குப் பார்த்த அன்று நடந்தது உங்களுக்கு நினைவிருக்கிறதா? ஹாலில் அவர்கள் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் சமையலறைக்கு வந்து, "என்ன சொல்றே?" என்று கேட்டீர்கள். நான் "வேண்டாம்ணா" என்றேன். நீங்கள் ஹாலுக்குப் போய், "சம்மதமாம், வெட்கப்படுறா" என்றீர்கள். எல்லாரும் சிரித்தது எனக்குக் கேட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அவரிடமும் வேண்டாம் என்றேன். அவரும் வெட்கம் என்றுதான் சொன்னார். எல்லாருமாகச் சேர்ந்து அதற்கு வைத்த பெயர் அது.

இன்றுவரை உங்களை நான் குறை சொன்னதில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டேன், அதனால் அண்ணன் வெட்கம் என்று நினைத்துவிட்டார், தப்பு என்னுடையது என்றே நினைத்து வந்திருக்கிறேன். நிமிர்ந்து சொல்லியிருந்தால் புரிந்திருக்கும் என்று நினைக்காத நாள் இல்லை. அதற்குப் பிறகுதான் கதை எழுத ஆரம்பித்தேன். வேண்டாம் என்று சொன்னவளுக்கு உள்ளுக்குள் ஆசை இருந்தது என்று நான் எழுதியதெல்லாம், எனக்கும் இருந்ததாக நம்பிக்கொள்ளத்தான். எனக்கு இருக்கவில்லை அண்ணா. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எனக்கு இருக்கவில்லை.

அந்தப் பையன் என் புத்தகத்தைப் பார்த்துத்தான் உங்கள் மகளைப் பிடித்து நிறுத்தினான். அவள் எனக்கு எழுதினாள். நான் அவளுக்கு, பழகிவிடும் என்று பதில் எழுதினேன். எழுதிய கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவள் என்னைப் போலக் குனிந்துகொண்டு சொல்லவில்லை. உங்கள் எதிரில் நின்று சொல்லியிருக்கிறாள். அவளையும் வெட்கப்படுகிறாள் என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் நிறுத்தவில்லை என்றால் நானே அங்கு வந்து நிறுத்துவேன், முட்டி எப்படி இருந்தாலும் சரி. இதன் நகலை அவளுக்கும் அனுப்புகிறேன். அவள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

உங்கள் தங்கை


ஏப்ரல் 27

தங்கைக்கு,

ஆசிகள். உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல். உன் கடிதம் வந்ததும் எழுத உட்கார்ந்தேன். பல தடவை எழுதிக் கிழித்தேன். எனக்குக் கரும்பலகையில் எழுதித்தான் பழக்கம், அழித்துவிடலாம் என்ற தைரியத்தில் எழுதுவேன்.

கல்யாணத்தை நிறுத்தியாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். தனியாகத்தான் போனேன், உன் அண்ணி வரமாட்டேன் என்றுவிட்டாள். பெரியவர்கள் கூச்சல் போட்டார்கள், அது நியாயம்தான். அந்தப் பையன் கூச்சல் போடவில்லை. "அவ சிரிச்சாளே மாமா" என்றான். நான் விளக்கினேன். "இல்ல மாமா, சிரிச்சா, நான் பார்த்தேன்" என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். பொய் சொல்லவில்லை, அவன் அப்படித்தான் நம்புகிறான். "என் மகளுக்கு இஷ்டமில்லை. என்னிடம் சொன்னாள். நான்தான் உங்களிடம் சொல்லவில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டில் உன் அண்ணி என்னோடு பேசுவதில்லை. மகளும் அதிகம் பேசுவதில்லை. நேற்று லேபிலிருந்து வந்தவள், சர்க்கரை பார்க்கக் கையை நீட்டச் சொன்னாள். நீட்டினேன். "குத்தட்டுமாப்பா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அவள் அவசரப்படுத்தவில்லை.

இனி உன் விஷயம். உன் கடிதத்தில் ஒரு தப்பு இருக்கிறது, அதைத் திருத்தாமல் விட முடியாது. அன்று சமையலறையில் நீ தலை குனியவில்லை. கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாய். கையைத் துடைத்துக்கொண்டாய். என் முகத்தை நேராகப் பார்த்து, "வேண்டாம்ணா" என்றாய். நான் பேசாமல் நின்றதால் இன்னொரு தடவையும் சொன்னாய். எனக்கு நன்றாகப் புரிந்தது. வெட்கம் என்று நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. வந்தவர்களைத் திருப்பி அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை, அதனால் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

இத்தனை வருஷமும் நீ உன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு ஹாலுக்குப் போனது நான்தான்.

அண்ணன்